தண்ணீர்ச் செம்பு

எங்கள் வீட்டிலே ஐயா உணவுண்ண அமர்ந்தால் முதலில் அவர் முன் வைக்கப்படுவது சோற்றுக் கோப்பையன்று. பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர். கவளம் ஒன்றுக்கு மிடறு ஒன்று என்ற கணக்கிலேயே அவர் உண்பார். நாங்கள் எல்லோரும் கை கழுவி எழுந்து முற்றத்திலே விளையாடத் தொடங்கிய பின்னரும் அவர் பலகையிலேயே இருப்பார். “ஒரு வாய் சோத்தை ஒன்பது தரம் மெல்லுறான்” என்று ஆச்சி சலித்துக்கொள்வார். ஆறுதலாக உண்பது ஐயாவின் குணம் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அவர் இறைச்சியைத் தொடாதிருந்ததும், பாணை எப்போதும் சொதியில் ஊறவைத்தே உண்டதும், கலியாண வீடுகளிலே பந்தியில் இருக்காமல் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பியதும் அவ்வாறே குணத்தின் கணக்கில் எழுதப்பட்டன. 1998 இல் மாரடைப்பினால் அவர் காலமானார்.

ஆயினும் இக்கட்டுரை ஐயாவைப் பற்றியதன்று. களம் என்று நமது பாடநூல்கள் வழங்கும் உணவுக்குழாயைப் பற்றியது. அதிலும் குறிப்பாக என்னுடைய உணவுக்குழாயைப் பற்றியது. தமிழ்ச் சங்க இதழிலே இலக்கிய ஆராய்ச்சியை எதிர்பார்க்கும் வாசகர் பொறுத்தருள வேண்டும். பதின்மூன்று ஆண்டுகள் ஒரு நோய்க்குப் பெயர் தெரியாமல் திரிந்தவன், பெயர் தெரிந்த பின்னர் அதனைப் பற்றிப் பேசாதிருத்தல் எளிதன்று.

2004 ஆம் ஆண்டு, நான் முதலாம் வருட மாணவனாக விடுதியில் இருந்த காலம். ஓர் இரவு கோழிக்கறியும் பாணும் உண்டுகொண்டிருக்கையில் ஒரு துண்டு நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. மூச்சு முட்டவில்லை, பேசவும் முடிந்தது. ஆனால் அத்துண்டு மேலும் வரவில்லை, கீழும் போகவில்லை. தண்ணீர் குடித்தேன், குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. சிறிது நேரத்தில் என் எச்சிலைக்கூட என்னால் விழுங்க இயலவில்லை. முதுகில் அடித்தவர் சிலர், வாழைப்பழம் தந்தவர் சிலர், சிரித்தவர் பலர். மூன்று மணி நேரத்தின் பின்னர் அது தானாகவே கீழிறங்கியது. அடுத்த நாள் விடுதி முழுவதும் எனக்கு “அடைப்பன்” என்ற பட்டம் வழங்கலாயிற்று. மாணவர் சூட்டும் பட்டங்கள் பொதுவாகப் பொருத்தமாகவே அமைவதுண்டு.

அதன் பின்னர் என் வாழ்க்கை மெல்ல மெல்ல உணவுக்குழாயின் வசதிக்கேற்ப ஒழுங்குபடலாயிற்று. இறைச்சியைத் தவிர்த்தேன். சோற்றைக் குழைத்தேன். பிறர் முன்னிலையில் உண்பதை இயன்றவரை விலக்கினேன். நண்பர்களின் திருமணங்களுக்குச் சென்று, மணமக்களை வாழ்த்திவிட்டு, ஏதோ அவசர அலுவல் இருப்பவன்போல வெளியேறினேன். “அவர் பெரிய ஆள், எங்களோடை இருந்து சாப்பிடமாட்டார்” என்று ஒரு முறை என் காதுபடவே கூறினர். அதனை மறுக்க என்னிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. ‘விழுங்க முடியவில்லை’ என்று சொல்வதிலும் பார்க்கப் பெருமை பிடித்தவன் என்ற பெயரைச் சுமப்பது எனக்கு இலகுவாக இருந்தது.

வைத்தியரிடம் போகவில்லையா எனக் கேட்பீர்கள். போனேன். முதலில் அமிலத்துக்கான மாத்திரை தந்தார்கள். குருதிப் பரிசோதனையில் இயோசின்நாடிகள் சற்றுக் கூடியிருந்தமையால் பூச்சி மருந்து தந்தார்கள். வெவ்வேறு ஆண்டுகளில் மூன்று தடவை தந்தார்கள். 2008 இல் ஒரு வைத்தியசாலையில் வாய்வழியே குழாய் செலுத்தி உள்ளே பார்த்தார்கள். “எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றுமில்லை” என்று கூறி, இழையத்தில் ஒரு துணுக்கையும் கிள்ளி எடுக்காமலே என்னை அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லை என்று முடிவான பின்னர் எஞ்சியிருந்தது மனம் ஒன்றுதான். ஆகவே மனப்பதற்றத்துக்கான மாத்திரை தரப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டு அதனை விழுங்கினேன். அதுவும் சில நாட்களில் இடையில் நின்றுவிடும் என்பதனை வைத்தியரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

2017 இல் ஒரு கருத்தரங்கின் மதிய போசனத்தின்போது மீண்டும் கோழித்துண்டு. இம்முறை அது இறங்கவில்லை. ஏறத்தாழப் பதினான்கு மணி நேரம் ஒரு கிண்ணத்தில் எச்சிலைத் துப்பியபடியே இருந்தேன். விடியற்காலையில் குழாய் செலுத்தி அதனை அகற்றிய இளம் வைத்தியர், எனது களத்தின் சுவரிலே மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல வளையங்களும், ஏர் உழுத சால்களைப்போல நெடுங்கோடுகளும், ஆங்காங்கே வெண்புள்ளிகளும் இருப்பதைக் கண்டார். கண்டதோடு அமையாமல், மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலுமாக ஆறு துணுக்குகளைக் கிள்ளி எடுத்தார். அந்த ஆறு துணுக்குகளை எடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சில நிமிடங்கள். அச்சில நிமிடங்கள் 2008 இல் எனக்குக் கிடைத்திருக்கவில்லை.

இரு வாரங்களின் பின்னர், மருத்துவ பீடத்திலே நோயியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் என் துணுக்குகளை எனக்கே காட்ட இணங்கினார். சாசனங்களை வாசிப்பது என் தொழில். கல்லிலே தேய்ந்த எழுத்தை ஒளி சாய்த்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. நுணுக்குக்காட்டியின் ஊடாகப் பார்த்தபோது ஊதா நிறமான வயலொன்றிலே செந்நிறப் பொட்டுக்கள் சிதறிக் கிடந்தன. “சேர், நீங்களே எண்ணிப் பாருங்கோ” என்றார் அவர். ஒரு பார்வைப் புலத்தில் நாற்பதுவரை எண்ணினேன். அதற்குமேல் கண் தடுமாறியது. அவருடைய கணக்கில் மேற்பகுதியில் 48, கீழ்ப்பகுதியில் 65. ஆரோக்கியமான களத்தின் மேலணியிலே இருக்க வேண்டிய தொகை பூச்சியம். உயர் உருப்பெருக்கத்திலே ஒரு புலத்துக்கு 15 அல்லது அதற்கு மேல் இருப்பின், வேறு காரணங்களை நீக்கியபின், இதனை இயோசின்நாடிக் களவழற்சி என்று கொள்வர்.

இந்தச் செந்நிறக் கலத்தை வேறுபடுத்திக் காட்டியவர் ஜேர்மனியரான போல் ஏர்லிக், ஆண்டு 1879. இயோசின் என்னும் சாயத்தை இக்கலத்தின் உள்ளேயுள்ள மணிகள் ஆவலோடு ஏற்றுச் சிவக்கின்றமையால் இப்பெயர் அமைந்தது. கிரேக்கரின் வைகறைத் தெய்வத்தின் பெயரோடு தொடர்புடையது அச்சாயத்தின் பெயர். இத்துணை அழகிய பெயருடைய ஒன்று மனிதனை இவ்வாறு வருத்தும் என்று யார் எதிர்பார்ப்பர்! இக்கலம் உடலுக்குப் பகையன்று. புழுக்களை எதிர்ப்பதில் அதற்குப் பங்குண்டு. இரைப்பையிலும் குடலிலும் அது இயல்பாகவே வதிகின்றது. களத்தில்தான் அதற்கு இடமில்லை. ஆகவே களத்தில் ஒன்றைக் கண்டாலும் ஐயுற வேண்டும். இரைப்பையிலும் குடலிலுமோ எத்தனைக்கு மேல் மிகை என்பதே பெரிய வினா. முன்சிறுகுடலில் புலத்துக்கு 30 என்பது பலர் கொள்ளும் எல்லை; பெருங்குடலில் இடத்துக்கு இடம் கணக்கு வேறுபடும்.

குடலும் இரைப்பையும் இவ்வாறு பாதிக்கப்படுவதை 1937 இல் கைசர் என்பார் எழுதிவைத்தார். 1970 இல் கிளைன் என்பாரும் சகாக்களும் அதனைச் சுவரின் அடுக்குகளைக்கொண்டு மூன்றாக வகுத்தனர்: உட்படையைப் பற்றினால் வயிற்றுப்போக்கும் குருதியிழப்பும், தசைப்படையைப் பற்றினால் அடைப்பு, வெளிப்படையைப் பற்றினால் வயிற்றறையில் நீர் சேர்தல். களத்துக்கு மட்டும் உரிய நோய் தனியாக இனங்காணப்பட்டது மிகப் பிந்தியே. 1993 இல் அற்வூட் என்பாரும் சகாக்களும் 12 நோயாளரைப் பற்றியும், மறு ஆண்டு சுவிற்சர்லாந்தில் ஸ்ரோமான் என்பாரும் சகாக்களும் 10 பேரைப் பற்றியும் எழுதினர். அஃதாவது, நான் விடுதியில் “அடைப்பன்” ஆனபோது இந்நோய்க்கு ஏட்டளவில் வயது பதினொன்று. 2008 இல் என்னைப் பரிசோதித்த வைத்தியரை இதனாலேயே ஓரளவு மன்னிக்கிறேன். ஓரளவு என்றே சொல்வேன். ஏனெனில், பார்வைக்குச் சுவர் செவ்வையாகத் தோன்றினாலும் துணுக்கு எடுத்தே தீரவேண்டும் என்பது அதற்கு முந்திய ஆண்டிலேயே நிபுணர் குழுவொன்றின் பரிந்துரையாக வெளிவந்துவிட்டது.

தாமதத்துக்கு விலை உண்டு. அழற்சி நீடிக்குந்தோறும் சுவர் தடித்து, நார்பட்டு, குழாய் ஒடுங்குகின்றது. சுவிற்சர்லாந்திலே 200 நோயாளரைக் கொண்டு செய்யப்பட்டு 2013 இல் வெளிவந்த ஆய்வொன்றில், அறிகுறி தோன்றி இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் இனங்காணப்பட்டவருள் 17 வீதத்தினருக்கே ஒடுக்கம் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமதமானவருள் 71 வீதத்தினருக்கு இருந்தது. என்னுடைய குழாயின் ஒடுங்கிய பகுதி 10 மில்லிமீற்றர். 13 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் திண்ம உணவு தடைப்படுவது இயல்பு என்பர். பதின்மூன்று ஆண்டுகளாக நான் மனப்பதற்றம் என்று நம்பியது இம்மூன்று மில்லிமீற்றரைத்தான்.

வைத்தியசாலையில் நான் இருந்த நாட்களில் அடுத்த கட்டிலில் மலையகத்து இளைஞர் ஒருவர் இருந்தார். வயிறு வீங்கி, உள்ளே நீர் கட்டியிருந்தது. ஊசியால் எடுத்த நீரிலே இயோசின்நாடிகள் நிறைந்திருந்தனவாம். கிளைன் கூறிய மூன்றாம் வகை. ஸ்ரீரொயிட் கொடுத்தால் நீர் வற்றிவிடும் என்று வைத்தியர்கள் கூறினர், ஆனால் கொடுக்கவில்லை. மூன்று நாட்கள் மலப் பரிசோதனை செய்தார்கள். குருதியைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பின்னர் ஏதோ மாத்திரை கொடுத்துக் காத்திருந்தார்கள். அவருடைய தாயார் என்னிடம் வந்து, “மருந்து இருக்குன்னு சொல்லிட்டு ஏன் சார் குடுக்க மாட்றாங்க?” என்று கேட்டார். எனக்கும் அதே கோபம் இருந்தது.

காரணத்தைப் பின்னரே அறிந்தேன். நம்முடையவை போன்ற வெப்ப நாடுகளில் இயோசின்நாடி பெருகினால் முதலில் ஐயுற வேண்டியது புழுவையே. கொழுக்கிப்புழு உண்டு, ஒரு காலத்தில் நமது கரையோரங்களை வருத்திய யானைக்கால் நோய்ப் புழு உண்டு. பின்னையது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கையில் நீங்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது. ஆனால் இவற்றினும் அஞ்சத்தக்கது ஸ்ரொங்கிலொயிடிஸ் என்னும் நூல்போன்ற சிறு புழு. வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும். உடலுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் தொற்றி, பல பத்தாண்டுகள் ஓசையின்றி வாழும். இரண்டாம் உலகப் போரில் தூர கிழக்கிலே கைதிகளாக இருந்த படைவீரரின் உடலில், போர் முடிந்து பல பத்தாண்டுகளின் பின்னரும் அது காணப்பட்டது. அத்தகையவருக்குப் புழுவை நீக்காமல் ஸ்ரீரொயிட் கொடுத்தால், காவல் நீங்கிய கோட்டைக்குள் படை புகுவதுபோல அப்புழு பெருகி உடலெங்கும் பரவும். உயிர் தப்புதல் அரிது. நாம் வழக்கமாக வாங்கும் ஒரு வேளைப் பூச்சி மருந்து அதற்குப் போதாது, ஐவமெக்ரின் வேண்டும். அவ்விளைஞருக்குக் கொடுத்த மாத்திரை அதுவே. எனக்கு மூன்று தடவை பூச்சி மருந்து தந்தவர்களின் சிந்தனை முற்றிலும் பிழையன்று என்பதை அப்போது உணர்ந்தேன். அதற்கு அப்பால் அவர்கள் சிந்திக்கவில்லை என்பதே என் முறைப்பாடு. இளைஞர் பத்தாம் நாள் ஸ்ரீரொயிட் தொடங்கி, மூன்றாம் வாரம் வயிறு தட்டையாகி வீடு சென்றார்.

என் சிகிச்சை அத்துணை விரைவாக முடியவில்லை. முதலில் ஒமெப்பிரசோல். அமிலத்தைக் குறைக்கும் இம்மருந்து, அமிலத்தோடு தொடர்பில்லாத வழியிலும் இவ்வழற்சியைத் தணிக்கின்றது. பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்குப் பயன் கிடைக்கும். முன்னர், இம்மருந்தினால் குணமடைந்தவருக்கு இருந்தது இந்நோயன்று, வேறொன்று என்று ஒதுக்கிவைத்தனர். 2018 இல் வெளிவந்த சர்வதேச உடன்பாடு அப்பிரிவினையைக் கைவிட்டது. எனக்கு அது பயன்படவில்லை. அடுத்துத் தொய்வுக்காரர் உள்ளிழுக்கும் புளூற்றிக்கசோன். சிறு வயதில் தொய்வும் கிரந்தியும் எனக்கு இருந்தமையால் அந்தக் குப்பி பழகியதே. ஆனால் இப்போது அதனை இழுக்கக் கூடாது, வாய்க்குள் விசிறி விழுங்க வேண்டும். விழுங்கிய பின் அரை மணி நேரம் தண்ணீர் குடிக்கக் கூடாது. மருந்து களத்தின் சுவரிலே தங்க வேண்டும். தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் விரிவுரை மண்டபத்துக்குள்ளேயே நுழையாத எனக்கு அந்த அரை மணி நேரம் பெரும் சோதனையாக இருந்தது. எட்டு வாரங்களில் எண்ணிக்கை 65 இலிருந்து 9 ஆகக் குறைந்தது. அதன் பின்னர் இரு தடவை குழாயைப் படிப்படியாக விரித்து 15 மில்லிமீற்றர் ஆக்கினார்கள். நெஞ்சு நான்கு நாட்கள் நொந்தது. ஐந்தாம் நாள் ஒரு முழு இட்டலியைத் தண்ணீரின்றி உண்டேன், யாரிடமும் சொல்லவில்லை.

மருந்தை நிறுத்தினால் நோய் மீளும். அதனை ஆயுள் முழுவதும் விழுங்க விரும்பாமல் 2019 இல் உணவுப் பரிசோதனையில் இறங்கினேன். நம்மவர் பத்தியம் என்பதை நன்கறிவர். ஆயினும் இது கடும் பத்தியம். பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகைகள், மீனும் ஏனைய கடலுணவும் ஆகிய ஆறையும் ஒருங்கே விலக்க வேண்டும். தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனை இந்நோயில் நம்பத்தக்க வழிகாட்டியன்று. ஆகவே ஆறையும் விலக்கி, பின்னர் ஒன்றொன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றின் பின்னரும் மீண்டும் குழாய் செலுத்தித் துணுக்கு எடுத்து எண்ணிப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை.

அம்மாவின் அடுக்களை அந்த மாதங்களில் ஆய்வுகூடம் ஆயிற்று. கோதம்பை மா கலவாத பிட்டு, குரக்கன் பிட்டு, ஒடியற் பிட்டு, சிவப்பரிசி இடியப்பம். தேங்காய்ப்பால் தடையில்லை என்று அறிந்தபோது அம்மாவின் முகம் சற்றுத் தெளிந்தது. அதுவும் இல்லையென்றால் யாழ்ப்பாணத்துச் சமையலில் எஞ்சுவது உப்பும் புளியும்தான். மாசி இல்லாத சம்பல், கச்சான் இல்லாத மாலை, மீன் இல்லாத ஞாயிறு. எல்லாவற்றையும் அவர் தாங்கினார். கடலுணவு திரும்பியது, எண்ணிக்கை 3. கொட்டை வகைகள், முட்டை, சோயா ஆகியனவும் வழக்கில் விடுதலையாயின. 2020 இல் கொரோனாவினால் பரிசோதனைகள் தள்ளிப்போயின. கோதுமையும் குற்றமற்றது என்று தெரிந்தபோது பாண் வாங்கி ஓடிவந்த அக்காவை அம்மா கட்டிப்பிடித்து அழுதார். இறுதியாக, 2021 இல் பால். ஆறு வாரம் பால்தேத்தண்ணீர் குடித்தேன். எண்ணிக்கை 52.

“பால் குடிச்சு வளர்ந்த பிள்ளைக்குப் பால் ஆகாதெண்டா, என்ன நோய் தம்பி இது?” என்றார் அம்மா. அதற்கு விடை ஓரளவுக்குத்தான் உண்டு. பாலின் புரதத்தை என் உடலின் ஒரு வகை நிணநீர்க்கலங்கள் பகையென்று கொண்டு, இன்டர்லூக்கின் 4, 5, 13 என்னும் செய்திப் பொருட்களை வெளியிடுகின்றன. அவற்றின் அழைப்பை ஏற்றே இயோசின்நாடிகள் களத்துக்குள் திரள்கின்றன. ஏன் என்னில், ஏன் அந்த வயதில் என்பது வேறு கேள்வி. அடுத்து வந்த மாதங்களில் நாடு முழுவதும் பால்மாவுக்கு வரிசையில் நின்றபோது எங்கள் வீட்டுக்கு வேண்டிய பொதி ஒன்று குறைந்தது. என் நோயினால் வீட்டுக்குக் கிடைத்த ஒரே இலாபம் அதுதான். தைப்பொங்கலன்று அம்மா இரண்டு பானை வைக்கிறார்; சிறியது தேங்காய்ப்பாலில்.

ஒரு சிறு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலே வளர்ந்தோர் 129 பேரைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2023 இல் வெளிவந்தது. ஆறையும் விலக்கியவருள் 40 வீதத்தினருக்கும், பாலை மட்டும் விலக்கியவருள் 34 வீதத்தினருக்கும் அழற்சி தணிந்தது. இவ்விரண்டிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை என்பது முடிபு. முதலில் பாலை மட்டும் நிறுத்திப் பார்த்திருந்தால் அம்மாவின் இரண்டு ஆண்டுகளும் என் தொண்டையின் பல குழாய்களும் மிஞ்சியிருக்கும். அறிவு நமக்காகக் காத்திருப்பதில்லை. நாமும் அதற்காகக் காத்திருக்க முடியாது.

இன்னொரு செய்தி என்னை மேலும் சிந்திக்க வைத்தது. பென்றலிசுமாப் என்னும் மருந்து இயோசின்நாடிகளை அறவே அழிக்க வல்லது. 2024 இல் வெளிவந்த பரிசோதனையிலே, அதனைப் பெற்றவர்களின் களத்திலிருந்து அக்கலங்கள் பெரும்பாலும் மறைந்தன. ஆனால் விழுங்கும் துன்பம் குறையவில்லை. மாறாக, 4, 13 என்னும் செய்திப் பொருட்களின் வழியை அடைக்கும் டுப்பிலுமாப், 2022 இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்றது. அது துன்பத்தையும் குறைக்கின்றது. எனின், நான் நுணுக்குக்காட்டியில் எண்ணிய செம்பொட்டுக்கள் குற்றவாளிகளா, குற்றம் நடந்த இடத்திலே கூடியவர்களா? நண்பரிடம் கேட்டேன். “எண்ண முடிஞ்சதை எண்ணுறம், சேர்” என்றார். சாசனம் வாசிப்பவனுக்கு அவ்விடை புதியதன்று.

கடந்த சித்திரை விடுமுறைக்கு அக்காவின் குடும்பம் வீட்டுக்கு வந்திருந்தது. அவளுடைய மகனுக்கு வயது பதினேழு. குழந்தைப் பருவத்தில் கிரந்தி இருந்தது, இப்போது பீனிசம். மதியம் எல்லோரும் உண்டு எழுந்த பின்னரும் அவன் மேசையிலேயே இருந்தான். கோப்பையருகே தண்ணீர்ப் போத்தல். கோழித்துண்டை நகத்தால் நார் நாராகப் பிரித்து, கவளம் ஒன்றுக்கு மிடறு ஒன்றாக உண்டுகொண்டிருந்தான். “இவன் ஐயாவைப்போலை. ஆறுதலாத்தான் சாப்பிடுவான்” என்று அக்கா சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. இந்நோய் நெருங்கிய உறவினரிடையே ஏனையோரிலும் பார்க்கக் கூடுதலாகக் காணப்படுவது. பெண்களிலும் பார்க்க ஆண்களைக் கூடுதலாகப் பற்றுவது. ஐயாவின் களத்திலிருந்து ஒருவரும் துணுக்கு எடுக்கவில்லை. அவரைப் பற்றி இனி ஒன்றும் நிறுவ இயலாது. பையனைத் தனியே கிணற்றடிக்கு அழைத்து, “எப்பவாவது இறங்காமல் நிண்டிருக்கோ?” என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் துலாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர், “அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, மாமா” என்றான்.

அக்காவுக்குச் சொல்லிவிட்டேன். வருகிற மாதம் பன்னிரண்டாம் திகதி அவனுக்குக் குழாய்ப் பரிசோதனை. ஆறு துணுக்குகள், இரண்டு இடங்களிலிருந்து, பார்வைக்கு எப்படி இருந்தாலும் எடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நானும் கூடப் போகிறேன்.